டிராக்டர வெட்டிருங்கன்னு சொன்னாங்க

குறுவைக்கு உழவு ஓட்டுற சமயத்துல எடுத்த ஒரு படம் ரொம்ப நாளா மனசுல கெடந்து அரிச்சுக்கிட்டே இருக்கு. படம் என்னுது இல்ல, எங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாக்குற டீச்சரோடது. மன்னார்குடிப் பக்கம் நாங்க கொஞ்ச பேரு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு ரூம்ல கூடுவோம், ஆளாளுக்கு எடுத்த பறவை, பூச்சி, பாம்புப் படத்தையெல்லாம் ப்ரொஜெக்டர்ல போட்டுப் பாப்போம், டீ வரும், பேசுவோம், கலைஞ்சு போவோம். அன்னிக்கு டீச்சர் போட்ட படம் இதான்: கேஜ் வீல், அதான் சேத்துல எறங்குற இரும்புச் சக்கரம், போட்ட டிராக்டர் சேத்தக் கலக்கிட்டுப் போகுது, அதுக்குப் பின்னாடியே உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு, மடையான்னு ஒரு கூட்டம், கொஞ்சம் தள்ளி ரெண்டு நத்தகுத்தி நாரை, முன்னாடி ஒரு கொக்கு வாயில தவளை. டிராக்டர் முழுசா இல்ல, பின்சக்கரத்துல பாதி மட்டும் இடது ஓரத்துல வெட்டுப்பட்டு நிக்குது.

எங்கள்ல ரொம்ப வருஷமா படம் எடுக்குற ஒருத்தர், நல்ல நல்ல லென்ஸெல்லாம் வச்சிருக்கவரு, பாத்ததுமே சொன்னாரு, "டிராக்டர் டிஸ்டர்பிங்கா இருக்கு மேடம், அத வெட்டிருங்க, கொக்க மட்டும் வைங்க. நாய்ஸ் வேற ஜாஸ்தி, புள்ளி புள்ளியாத் தெரியுது. இந்த லென்ஸுல இதுக்கு மேல வராது, அறுநூறு எம்எம் லென்ஸ் வாங்கப் பாருங்க." டீச்சர் "சரிங்க சார்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அதுக்குள்ள அடுத்த படம் போட்டாச்சு, அது ஒரு மீன்கொத்தி, எல்லாரும் "சூப்பர், சூப்பர்"னாங்க. அதுக்கப்புறம் டீச்சர் கூட்டத்துக்கு வந்தாங்க, ஆனா படம் கொண்டு வரல. கேட்டா "பரீச்சை நேரம்ணே"ன்னாங்க. பரீச்சை முடிஞ்சும் கொண்டு வரல.

அவர் சொன்னது ஒண்ணும் கெட்ட எண்ணத்துல சொன்னது இல்ல. ஓரத்துல பாதியா நிக்குற பொருள் கண்ண இழுக்கும்கிறதும் உண்மை, நாய்ஸ் இருந்ததும் உண்மை. ஆனா ஒரு ஆளு விடியக்காலையில எந்திரிச்சு வரப்புல நின்னு எடுத்துட்டு வந்த ஒண்ணுக்கு நாம சொல்ற பதில், அவங்க மறுபடி அந்த வரப்புக்குப் போறப்ப கையில ஏதாவது கொடுத்து அனுப்பணும். அவ்வளவு வெல போற லென்ஸ வாங்குன்னு சொல்றது கையில எதுவும் கொடுக்குறது இல்ல, கதவ சாத்துறது.

சூப்பர்ங்குற சொல்லு

இந்த "சூப்பர்" இருக்கே, அதுவும் அதே அளவு கதவச் சாத்துறதுதான்னு நான் நெனைக்கிறேன். கல்யாண வீட்டுல பந்தி எப்படின்னு கேட்டா நல்லாருந்துச்சுன்னு சொல்லிட்டு நடையக் கட்டுற மாதிரி, மரியாதைக்குச் சொல்றது. சொன்னவரு படத்தப் பாத்தாரா இல்லையான்னே தெரியாது. மீன்கொத்தி போட்ட பையனுக்கு பதினெட்டு வயசு இருக்கும், அவன் அன்னிக்கு வெளிய வந்து கேட்டான், "அண்ணே, சூப்பர்னாங்களே, எதண்ணே சூப்பர்னாங்க?" அவனுக்கு அது நெசமாவே தெரியணும், ஏன்னா தெரிஞ்சாத்தான் திரும்ப அத செய்ய முடியும். அந்தப் படத்துல நல்லா வந்திருந்தது ஒண்ணே ஒண்ணு, தலைய லேசா நம்ம பக்கம் திருப்புன நொடியில க்ளிக் பண்ணிருந்தான், அதனால கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்திருந்துச்சு, அந்தப் பொட்டு இல்லேன்னா அதே மீன்கொத்தி பொம்ம மாதிரி செத்துப் போயிருக்கும். அத யாராவது அவன்கிட்ட சொல்லியிருந்தா அடுத்த தடவை தலை திரும்பற வரைக்கும் காத்திருப்பான். பாராட்டுறதுக்கும் பாக்கணும்.

பாக்காம சொல்ற குறை இன்னும் மோசம். நான் பாத்த ஒண்ணு சொல்றேன். கோடியக்கரைக்குப் போயிட்டு வந்த ஒரு தம்பி பூநாரைப் படம் போட்டான், உப்பளத்துக்கு அப்பால தூரத்துல நிக்குது, எல்லாம் மசமசன்னு இருக்கு. ஒருத்தர் "ஃபோகஸ் மிஸ், லென்ஸ சர்வீஸுக்குக் குடு"ன்னுட்டாரு. நான் நேரம் பாத்தேன், காலையில பத்தரை. அந்த நேரத்துல அந்தச் சேத்துவெளி மேல காத்து சூடாகிக் கொதிக்க ஆரம்பிச்சிரும், கானல் அலையுற அந்தக் காத்து வழியா எவ்வளவு பெரிய லென்ஸ வச்சு எடுத்தாலும் பறவை மசமசன்னுதான் வரும், இன்னும் சொல்லப்போனா தூரத்த இழுக்க இழுக்க மோசமாத்தான் ஆகும். அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி: வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போ, இல்ல பக்கத்துல வர்ற பறவைய எடு. அவன் சர்வீஸுக்குக் குடுத்து ரெண்டு வாரம் கேமரா இல்லாம இருந்தான்.

முன்னாடி ஃப்ரேமும் பின்னாடி ஃப்ரேமும்

டீச்சர் வீட்டுக்கு ஒரு நாள் சாயங்காலம் போனேன். அவங்க வீட்டுக்காரரும் இருந்தாரு, காபி குடுத்தாங்க, லேப்டாப்ப திண்ணையில வச்சுட்டு "அந்த உழவுப் படத்தக் காட்டுங்க டீச்சர்"னேன். "அது சரியில்லண்ணே"ன்னாங்க. "அது இருக்கட்டும், அன்னிக்கு நீங்க எதப் பாத்துட்டு கேமராவத் தூக்குனீங்க?"ன்னு கேட்டேன்.

இந்தக் கேள்விய நான் எங்கயும் படிச்சு எடுத்தது இல்ல, அன்னிக்கு வாயில வந்துச்சு, ஆனா இப்ப எந்தப் படத்தப் பாத்தாலும் முதல்ல இதத்தான் கேக்குறேன். டீச்சர் கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொன்னாங்க, "நான் வரப்புல நாலு எட்டு வச்சா எல்லாம் பறந்துருதுண்ணே. ஆனா அந்த வண்டி சக்கரம் ஒரு முழத்துல வருது, ஒரு கொக்கு கூட நகரல. சக்கரம் வர்றப்ப ஒரு எட்டு ஒதுங்குது, போனதும் அதே எடத்துல வந்து நிக்குது. அதான் தூக்குனேன்." எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு, ஏன்னா அவங்க சொன்ன அந்த ஒரு முழம் இருக்கே, அது படத்துல இல்லவே இல்ல.

அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்ததெல்லாம் இருக்கான்னு கேட்டேன். நல்லவேளையா எதையும் அழிக்கல. வரிசையா பாத்தோம். ஆரம்பத்துல எடுத்த ஃப்ரேம்ல டிராக்டர் முழுசா இருக்கு, ஓட்டுற அண்ணன் ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டே பின்னாடி திரும்பி கலப்பையப் பாக்குறாரு, சக்கரத்துக்கும் முதல் கொக்குக்கும் நடுவுல அதே ஒரு முழம், கொக்கோட கால் ஒண்ணு தூக்குனபடி, கழுத்து அலட்டிக்காம கீழ குனிஞ்சு சேத்தப் பாக்குது. பயந்த கொக்கு கழுத்த நீட்டி நெட்டுக்குத்தா நிக்கும், இது அப்படி இல்ல, அதுக்கு அந்த வண்டி ஒரு மாடு மாதிரி. மாட்டுக்குப் பின்னாடி போன அதே கொக்குதான இப்ப டிராக்டருக்குப் பின்னாடி போகுது. அதுக்கப்புறம் வர்ற ஃப்ரேமெல்லாம் பாத்தா டீச்சர் கொஞ்சங் கொஞ்சமா கேமராவ வலது பக்கம் நகத்திக்கிட்டே போறாங்க, டிராக்டர் வெளிய போய்க்கிட்டே இருக்கு, கடைசியில பாதிச் சக்கரம். "ஏன் நகத்துனீங்க?"ன்னேன். "டிராக்டர் வந்தா நேச்சர் போட்டோ இல்லம்பாங்களேன்னு ஒதுக்கி ஒதுக்கி எடுத்தேன்."

எனக்கு எல்லாம் வெளங்குனது அந்த இடத்துலதான். ரூம்ல சொன்ன குறையும் அவங்க படத்துல இருந்த குறையும் ஒண்ணுதான், ஆனா மருந்து நேர் எதிர். டிராக்டர் உறுத்துனது அது இருந்ததால இல்ல, பாதியா இருந்ததால. முழுசா வச்சிருந்தா அதான் படம். வெட்டுங்கன்னு சொன்னவரு ஒரே ஒரு ஃப்ரேமப் பாத்துச் சொன்னாரு, டீச்சர் எதப் பாத்தாங்கன்னு அவருக்குத் தெரிய வழியில்ல, கேக்கவும் இல்ல. ஒரு படத்துக்குப் பதில் சொல்லணும்னா அதோட அக்கம்பக்கத்து ஃப்ரேமையும் காட்டச் சொல்லணும்னு நான் இப்ப பிடிவாதமா இருக்குறது இதனாலதான். எடுத்தவரு எங்க தயங்குனாரு, எங்க பொறுமை போச்சு, எப்ப கிட்டப் போனாரு, எல்லாம் அந்த வரிசையில எழுதி வச்ச மாதிரி இருக்கும். நல்ல படம் பாதி நேரம் ஒதுக்கிப் போட்டதுலதான் கெடக்கும்.

அப்புறம் அந்த நாய்ஸ். லேப்டாப்புல அந்தப் படத்தோட விவரத்தத் தொறந்து பாத்தா ஷட்டர் வேகம் 1/4000 செகண்டு, ஐஎஸ்ஓ, அதான் கேமரா வெளிச்சத்த எவ்வளவு ஏத்திக் காட்டுதுங்குற அளவு, ஆட்டோவுல இருந்து 6400 போயிருக்கு, அது ஏற ஏற நாய்ஸும் ஏறும். காலையில வெளிச்சம் முழுசா ஏறாத நேரம். பறக்குற கொக்குக்குன்னு யாரோ சொன்னத மனசுல வச்சுட்டு அவ்வளவு வேகம் வச்சிருக்காங்க, ஆனா இங்க கொக்கு நடக்குது. நடக்குற பறவைக்கு 1/1000 தாராளம், அதுக்கு இறக்குனா ஐஎஸ்ஓ 6400 லேர்ந்து 1600க்கு தானா வந்துரும். இன்னொண்ணு, ஈரச் சேறு கருப்பு, ஃப்ரேம் பூரா அதான், கேமரா அந்தக் கருப்பப் பாத்து வெளிச்சம் பத்தலன்னு நெனச்சு ஏத்துது, அதுல வெள்ளக் கொக்கு எரிஞ்சு போகுது, தவளையப் புடிச்ச அந்தக் கொக்கோட முதுகுல ஒரு இறகு கூடத் தெரியல, வெறும் சுண்ணாம்பு. கேமராவே சுருக்கிக் குடுக்குற ஜேபெக்ல மட்டும் எடுத்திருந்ததால அத மீட்கவும் முடியாது. எக்ஸ்போஷர மைனஸ் ஒண்ணு வச்சிருந்தா இறகும் நின்னிருக்கும், ஐஎஸ்ஓவும் 800க்கு வந்திருக்கும். டெல்டாவுல படம் எடுக்குற எல்லாருக்கும் இது வரும், உழுத வயல்ல வெள்ளப் பறவைங்கிறது நமக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ கெடைக்குற காட்சி. லென்ஸ் மாத்த வேண்டிய அவசியமே இல்ல, அவங்ககிட்ட இருக்குற எழுபது-முன்னூறு எம்எம் லென்ஸே போதும்.

ஒயரும் மோட்டார் கொட்டாயும்

இந்த "மனுஷன் வந்தா நேச்சர் இல்ல"ங்குறது எங்கேர்ந்து நமக்கு வந்துச்சுன்னு யோசிச்சுப் பாக்குறேன். புலிக்காட்டுப் படத்தையும் ஆப்பிரிக்கப் புல்வெளிப் படத்தையும் பாத்துப் பாத்து அதுதான் அளவுன்னு ஆயிருச்சு. அந்த எடத்துக்கு அது சரி. வடுவூருக்கு எப்படிச் சரியாகும்? வடுவூர் ஏரியே பாசன ஏரி, ஆத்துத் தண்ணி வாய்க்கா வழியா வந்து நெறையுற ஏரி. 1999ல சரணாலயம்னு அறிவிச்சாங்க, 2022ல ராம்சார்னு சொல்ற உலக ஈரநிலப் பட்டியல்ல சேந்துச்சு, அதே வருஷம் உதயமார்த்தாண்டபுரமும் சேந்துச்சு, 2024ல கரைவெட்டி. உலகமே மதிக்கிற இந்த ஈரநிலமெல்லாம் மனுஷன் கரை கட்டி, மதகு வச்சு, தூர் வாரி வச்சிருக்குறது. கோடியக்கரையையும் முத்துப்பேட்டை அலையாத்தியையும் தள்ளி வச்சுட்டுப் பாத்தா டெல்டாவுல பறவை இருக்குற எடமெல்லாம் வயலும் ஏரியும் வாய்க்காலும்தான். இங்க மேட்டூர் தொறக்குற தேதிய வச்சுத்தான் கொக்கு எங்க மேயும்னு சொல்லலாம். அந்த நிலத்துல டிராக்டர வெட்டு, கரண்டு கம்பிய அழி, மோட்டார் கொட்டாய மறைன்னு சொன்னா, மிச்சம் வர்ற படம் எந்த ஊருன்னே தெரியாது.

பனங்காடை ஒயர்ல உக்காந்திருக்குற படத்துக்கு "பெர்ச் நேச்சுரலா இல்ல"ன்னு, அதாவது உக்காந்திருக்குற எடம் இயற்கையா இல்லன்னு, சொல்றத எத்தனையோ தடவ கேட்டாச்சு. அதுக்காக ஒருத்தரு கம்பிய சாஃப்ட்வேர்ல அழிச்சு காஞ்ச கிளை ஒண்ண ஒட்டிக் கொண்டு வந்தாரு. அழகாத்தான் இருந்துச்சு. ஆனா வயலோரத்துல மரம் இருந்த எடத்துல கம்பம் வந்து, பனங்காடை அதுலேர்ந்து வெட்டுக்கிளியக் குறி பாக்குதுங்கிறது நம்ம காலத்துச் செய்தி, அத அழிச்சுட்டோம். ஒயர் இருக்குறது குறை இல்ல, ஒயர் பறவையோட தலைக்குக் குறுக்க போனா அது குறை. அப்ப சொல்ல வேண்டியது, ரெண்டு எட்டு நகந்து நில்லு, கம்பி தலைக்கு மேல போயிரும், இல்ல கம்பத்தையும் சேத்து அகலமா எடு. அழின்னு சொல்றது கடைசி.

பறவை என்ன பண்ணுச்சு

இன்னொரு கேள்வி இருக்கு, அத நான் விடுறதே இல்ல: நீங்க எடுத்து முடிச்சப்ப அது என்ன பண்ணிட்டு இருந்துச்சு? தானா மேஞ்சுட்டு இருந்துச்சுன்னா சரி. பறந்துருச்சுன்னா ஏன் பறந்துச்சு? பூநாரைக் கூட்டம் மொத்தமா எந்திரிச்சுப் பறக்குற படம் எல்லாருக்கும் ஆசை, ஆனா படத்தப் பாத்தாலே தெரியும், எல்லாப் பறவையும் நமக்கு முதுகக் காட்டி ஒரே திசையில போகுதுன்னா நாம நடந்து போய் எழுப்பி விட்டிருக்கோம். வலசை வந்த பறவை, இரை தேடித் தெம்பு சேக்குற நேரத்துல அத எழுப்பி விட்டா அந்தத் தெம்பு பறக்குறதுலயே போயிரும். அந்தப் படத்துக்கு காம்போசிஷன் நல்லாருக்குன்னு சொன்னோம்னா ரூம்ல இருக்குற பத்து பேரு அடுத்த வாரம் அதையே பண்ணுவாங்க. நாம பாராட்டுறது ஒருத்தர மட்டும் இல்ல, அந்தப் படம் எடுத்த விதத்தையும் சேத்துத்தான்.

கூட்டுப் படத்துல நான் இன்னும் கறார். ஆள்காட்டி வெறுந்தரையில முட்டை வைக்கும், நாம கிட்ட நின்னா கத்திக்கிட்டு வெயில்ல முட்டைய விட்டுட்டுச் சுத்தும். தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு முன்னாடி ஓலை மறைக்குதுன்னு ஓலைய வெட்டிட்டு எடுத்த படமும் ரூம்ல வந்திருக்கு. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்குற சொல்லுக்குள்ளயே காட்டுப் பறவையோட முட்டையையோ கூட்டையோ கலைக்கிறதும் அடங்கும். அந்த மாதிரிப் படம் வந்தா நான் ஷார்ப்னஸ் பத்தியோ லைட் பத்தியோ ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், எப்படி எடுத்தன்னு மட்டும் கேப்பேன், இனிமே வேண்டாம்னு எல்லார் முன்னாடியும் இல்லாம தனியா கூப்ட்டுச் சொல்லுவேன்.

படத்தோட மேலழக மட்டும் பாத்துத் தீர்ப்பு சொல்றதுல பெரிய எடத்துலயே சிக்கல் வந்திருக்கு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற காட்டுயிர்ப் படப் போட்டியில 2009ல முதல் பரிசு வாங்குன படம், வேலிப் படலத் தாண்டிக் குதிக்குற ஓநாய், அது பழக்குன ஓநாயா இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்குன்னு நடுவர்கள் முடிவு பண்ணி 2010 ஜனவரில பரிச ரத்து பண்ணாங்க. அதே போட்டியில ஒரு பிரிவுல ஜெயிச்ச எறும்புத்தின்னி படத்த, பஞ்சடைச்ச உருவமா இருக்கும்னு 2018ல விலக்குனாங்க. லைட், நேரம், ஃப்ரேம் எல்லாம் கச்சிதம். எப்படி எடுத்தாங்கங்குறதுலதான் எல்லாம் இருந்துச்சு.

அப்ப சுமாரான படத்துக்கு என்ன சொல்றது

அந்த லென்ஸ்காரர்கிட்டயே இதெல்லாம் பேசுனேன், அவரும் பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு ஒண்ணு கேட்டாரு, "எல்லாத்துக்கும் கேள்வியாவே கேட்டுட்டு இருந்தா, நெசமாவே சுமாரான படத்துக்கு என்னதாங்க சொல்றது?" ஞாயமான கேள்வி. சுமார்னு சொல்லணும், பூசி மெழுகக் கூடாது. ஆனா எது சுமார்னு கைய வச்சுக் காட்டணும், அதுவும் ஒண்ணே ஒண்ணு. ஒரே நேரத்துல ஏழு குறை சொன்னா ஏழும் காத்துல போயிரும், எது சரி பண்ணா படம் அதிகமா மாறுமோ அத மட்டும் சொன்னா போதும், மிச்சம் அடுத்த மாசம்.

போன கூட்டத்துல மீன்கொத்திப் பையன் ஒரு மடையான் படம் போட்டான். வரப்புல நின்னு கீழ பாத்து எடுத்தது, மடையானும் சேறும் ஒரே நெறம், பின்னாடி சேறும் அதே ஃபோகஸ்ல, பறவை எது வயல் எதுன்னு தேடணும். நான் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி லென்ஸ்காரரே கேட்டாரு, "தம்பி, எதப் பாத்து எடுத்த?" அவன் சொன்னான், "அது அசையாம நிக்குது சார், அசையாம நின்னுட்டு கண்ண மட்டும் உருட்டுது." அப்ப கண்ணுதான் முக்கியம், கண்ணு மட்டத்துக்கு நீ இறங்கணும், மேல நின்னா பின்னாடி சேறுதான் வரும், தரையோட தரையா இருந்தா பின்னாடி தூரத்து வரப்பு போய் மங்கிரும், பறவை தனியா நிக்கும்னு அவரே வெளக்குனாரு. நான் சேத்துக்கிட்டது ஒண்ணுதான், தண்ணி வர்றதுக்கு முன்னாடி நம்ம வயல் வாய்க்காவெல்லாம் காஞ்சு கெடக்கும், வாய்க்காலுக்குள்ள எறங்கி உக்காந்தா கரை நம்ம நெஞ்சு வரைக்கும் வரும், லென்ஸ் நேரா வயல் மட்டத்துல இருக்கும், நம்ம தலை மட்டும் தெரியறதால மடையானும் சீக்கிரம் சமாதானமாயிரும். பம்புசெட்டு வச்சு முன்கூட்டியே உழுற வயலா பாத்துப் போன்னேன்.

"விரியன் கெடக்குமேண்ணே"ன்னான். கெடக்கும்தான். விடிஞ்சு வெளிச்சம் நல்லா வந்தப்புறம் எறங்கு, குச்சியால தட்டிக்கிட்டே போ, கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸ் இல்லாம எறங்காத, வயக்காரங்கள்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குன்னு சொன்னேன். டீச்சர் பின்னாடி பெஞ்சுல இருந்தாங்க, "எங்க வயலுக்கே வா தம்பி, தாளடிக்கு உழவு இருக்கு, வண்டி வர்ற அன்னிக்கு நானும் வர்றேன்"னாங்க. வாய்க்காலுக்குள்ள அப்ப தண்ணி ஓடுமே டீச்சர்னு அவன் கேக்க, அப்படின்னா கெழக்கு வரப்புல உக்காந்துக்கலாம், காலையில வெயில் முதுகுக்குப் பின்னாடி இருக்கும், வண்டி மூலையில திரும்பி நம்மளப் பாத்து வர்றப்ப எடுத்தா சக்கரமும் வரும் கொக்கும் வரும்னு டீச்சர் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, லென்ஸ்காரர் ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கணும்னு நடுவுல பூந்து சொல்ல ஆரம்பிச்சுட்டாரு.